மறுமொழி: ‘ஏர் ட்ராப்பிங்’ – காற்றுப் பிடிப்பா, காற்றுத் தேக்கமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

> நெஞ்சு சி.டி. அறிக்கையில் வரும் ‘ஏர் ட்ராப்பிங்’குக்கு (மூச்சை விடும்போது காற்று வெளியேறாமல் நுரையீரலில் தங்குவது) ‘காற்றுப் பிடிப்பு’ சரியா? ‘காற்றடைப்பு’ என்றும் ஒரு பரிந்துரை இருக்கிறது.

இரண்டும் வேண்டாம். முதுகிலும் விலாவிலும் சுளீரென்று இழுக்கும் வலியை நம் மக்கள் ‘வாயுப் பிடிப்பு’ என்கிறார்கள். அறிக்கையில் ‘காற்றுப் பிடிப்பு’ என்று கண்டால் நோயாளி அதைத் தசைவலி என்றே எடுத்துக்கொள்வார்.

‘காற்றடைப்பு’ அதைவிடப் பெரிய பிழை. மூச்சுக்குழாய் முழுதாக அடைபட்டால், பொதுவாக அதற்கப்பால் உள்ள காற்றை இரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பகுதி சுருங்கிப் படத்தில் வெளுத்துத் தெரியும். நாம் பெயர் தேடுவதோ கருத்துத் தெரியும் பகுதிக்கு. இங்கே இருப்பது பெரும்பாலும் அரைகுறை அடைப்பு. மூச்சை இழுக்கும்போது குழாய் விரிவதால் காற்று நுழைந்துவிடும். விடும்போது குழாய் குறுகுவதால் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். நெஞ்சுக் கதிரியல் வல்லுநர்களின் அமைப்பான ஃப்ளைஷ்னர் சங்கத்தின் 2008 கலைச்சொல் தொகுப்பும் அடைப்புக்கு அப்பால் காற்று தங்கிவிடுவதையே இதன் வரையறையாகக் கொள்கிறது.

அதனால் என் பரிந்துரை ‘காற்றுத் தேக்கம்’. ‘தேங்கு’ என்ற வினை கையில் இருப்பதால் ‘காற்று தேங்கிய நுண்மடல்’ (நுரையீரல் மடலின் மிகச் சிறு பிரிவு), ‘இங்கே காற்று தேங்குகிறது’ என்றெல்லாம் தடையின்றி எழுதலாம். ‘பொறி’, ‘சிறை’ போன்றவற்றில் இது வராது.

இந்தக் குறியை மூச்சு விட்ட நிலையில் எடுத்த படத்தில்தான் உறுதி செய்ய முடியும். ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. தடிமன் துண்டுகளாக, முதலில் முழு மூச்சு இழுத்த நிலையிலும் பிறகு விட்ட நிலையிலும் எடுக்க வேண்டும். விட்ட நிலையில் நல்ல நுரையீரல் சுருங்கி வெளுக்கும். தேங்கிய பகுதி அளவும் குறையாது, கருமையும் அவ்வளவாக மாறாது.

பிசகுவது பெரும்பாலும் கட்டளையில். “மூச்சை விடுங்க, இப்ப மூச்சைப் பிடிங்க” என்றால் முக்கால்வாசிப் பேர் மறுபடி இழுத்துத்தான் பிடிப்பார்கள். தமிழில் மூச்சைப் பிடிப்பதன் பொருளே அது. “முழுசா வெளியே விடுங்க, விட்டபடியே நிறுத்துங்க, இழுக்காதீங்க” என்று சொல்லி, மேசையில் ஏற்றும் முன்பே இரண்டு முறை பழக்க வேண்டும். படம் வந்ததும் மூச்சுப்பெருங்குழாயின் பின்சுவரைப் பாருங்கள். அது தட்டையாகவோ உள்நோக்கி வளைந்தோ இருந்தால் மூச்சு ஒழுங்காக விடப்பட்டிருக்கிறது. பின்பக்கம் புடைத்து உருண்டையாகவே நின்றால், அந்தப் படத்தை வைத்துத் தேக்கம் இல்லை என்று எழுதக்கூடாது.

– கதிரியல் மருத்துவர்

---

> என் பரிந்துரை ‘காற்றுத் தேக்கம்’.

சொல் பிடித்திருக்கிறது. இரண்டு ஐயங்கள். ‘நுரையீரல் தேக்கம்’ என்று ஏற்கெனவே இதயச் செயலிழப்பில் எழுதுகிறோம். அங்கே தேங்குவது இரத்தம். அடுத்தது, காற்றறைகளின் சுவர் அழியும் எம்ஃபிசீமாவிலும் நுரையீரல் கருப்பாகத்தானே தெரிகிறது? அதையும் இந்தச் சொல் விழுங்கிவிடாதா?

– மருத்துவ மொழிபெயர்ப்பாளர்

---

முதல் ஐயம் நியாயமானது. ‘காற்று’ என்ற முன்னொட்டை எங்கும் விடக்கூடாது என்று பதிவின் குறிப்பிலேயே சேர்த்துவிடலாம்.

இரண்டாவதற்கு எண்ணிலேயே விடை இருக்கிறது. சி.டி. படத்தில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவையில் தண்ணீர் 0, காற்று −1000. இழுத்த நிலையில் −950க்குக் கீழே உள்ள புள்ளிகளை எம்ஃபிசீமா என்று எண்ணுவது வழக்கம். அங்கே காற்றறைகளின் சுவரே அழிந்திருக்கிறது. விட்ட நிலையில் −856க்குக் கீழே இருப்பதைத் தேக்கம் என்கிறோம். ஆனால் அழிந்த பகுதியும் விட்ட நிலையில் −856க்குக் கீழேயே நிற்கும். அதனால் விட்ட நிலைப் படத்தை மட்டும் வைத்து எண்ணினால் அழிவும் தேக்கமும் ஒன்றாகக் கலந்துவிடும். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, இழுத்தபோது −950க்கு மேலும் விட்டபோது −856க்குக் கீழும் உள்ள புள்ளிகளைப் பிரித்தால், சிறு மூச்சுக்குழாய் நோயால் வரும் தேக்கம் தனியாகத் தெரியும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் இந்தப் பிரிப்பு மிகவும் முக்கியம். அழிந்த சுவர் திரும்பாது; குழாய்ச் சுருக்கத்துக்கு மருந்தால் ஓரளவு பலன் கிடைக்கலாம். தமிழிலும் இவை இரண்டு சொற்களாகவே நிற்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். எம்ஃபிசீமாவை இப்போதைக்கு எம்ஃபிசீமா என்றே விடுவோம்.

இன்னொன்று. நலமாக உள்ளவர்களிடமும் ஓரிரு நுண்மடல்களில் தேக்கம் தெரியும், குறிப்பாகக் கீழ்மடலின் மேற்கூறில். ஆகவே அறிக்கையில் சொல்லோடு பரப்பும் இடமும் வர வேண்டும்:

“மூச்சு விட்ட நிலைப் படத்தில், இரு கீழ்மடல்களிலும் திட்டுத்திட்டாகக் காற்றுத் தேக்கம், இழுத்த நிலையில் அதே இடங்களில் எம்ஃபிசீமா இல்லை.”

வேறு மறுப்பு இல்லையென்றால் இப்படியே பதிவேற்றலாம்.

– கதிரியல் மருத்துவர்