மாத்திரை கொடுத்தும் சுவரில் உண்ணி ஏறுகிறது: வேளச்சேரி ஃபிளாட், உதவி தேவை

வேளச்சேரி, இரண்டாம் மாடி. நாட்டு நாய், பெண், 3 வயது, 18 கிலோ. ஆகஸ்டிலிருந்து உண்ணித் தொல்லை. நாயின் மேல் அதிகம் இல்லை, சுவரில்தான். ஸ்விட்ச் போர்டு ஓரத்திலும் கதவு நிலைக்குப் பின்னாலும் கடுகைவிடச் சின்னக் குஞ்சுகள் வரிசையாக மேலே ஏறுகின்றன.

டாக்டர் சொன்னபடி ஃப்ளூரலானர் மாத்திரை, 12 வாரத்துக்கு ஒன்று. கடிக்கிற உண்ணி செத்து விழுகிறது. ரத்தப் பரிசோதனையில் எர்லிக்கியா (உண்ணி பரப்பும் கிருமி) இல்லை, பிளேட்லெட்டும் சரி. வீட்டுக்குள் டெல்டாமெத்ரின் பூச்சிமருந்து அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே நாயை விட்டோம். விரிசலுக்குள் இருக்கும் முட்டைக்கு மருந்து எட்டுவதில்லை, சில வாரத்தில் மறுபடி குஞ்சு. வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தாயிற்று. படுக்கைத் துணிக்கு வெந்நீர்தான்.

இப்போது சிக்கல் பொதுப் படிக்கட்டு. அதன் அடியில் கருத்தடை ஆன, அதற்கு அடையாளமாகக் காதில் வெட்டு உள்ள தெரு நாய்கள் இரண்டு படுக்கின்றன. அவற்றைத் துரத்தும் பேச்சுக்கே இடமில்லை, பாவம், அவையும் அங்கேயே வளர்ந்தவை. சோறு வைப்பவர் அவற்றுக்கும் மாத்திரை கொடுக்கச் சம்மதித்துவிட்டார். ஆனால் கீழ் வீட்டில் பூனை. டெல்டாமெத்ரின் ஈரம் பூனைக்கு ஆபத்து என்பதால் படிக்கட்டில் அடிக்கவில்லை.

பூனை, நாய் இரண்டுக்கும் பாதிப்பில்லாமல் படிக்கட்டு விரிசல்களில் எந்த மருந்தை, எத்தனை நாள் இடைவெளியில் அடிக்கலாம்?