லைவ் பிளாக் ஆர்க்கைவில் அதிகாலைப் பதிவுகள் திறக்கவில்லை, உதவி தேவை

2022 பிப்ரவரி 24, உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த நாள். அன்று ஒரு ஐரோப்பியச் செய்தித் தளம் ஓட்டிய லைவ் பிளாக்கை வாக்ஸ் (WACZ, வலைப்பக்கங்களைப் பின்னர் ஓட்டிப் பார்க்கும்படி அடைத்துவைக்கும் வடிவம்) கோப்பாகச் சேமித்திருக்கிறேன். திறந்தால் இரவுப் பதிவுகள் மட்டும் வருகின்றன. புதினின் உரையும் கீவில் கேட்ட முதல் வெடிச்சத்தங்களும் உள்ள அதிகாலைப் பகுதிக்கு 'மேலும் காட்டு' பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. எனக்கு முக்கியமாக வேண்டியதே அந்தப் பகுதிதான்.

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் அன்றைய ஸ்னாப்ஷாட்டுகள் உண்டு, ஆனால் அவற்றிலும் முதல் திரைதான். ட்வீட் இருந்த இடமெல்லாம் வெற்றுப் பெட்டி. பக்கங்களைப் பதிவிறக்கும் விகெட் (wget) ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது, அதனால் பயனில்லை. டாக்கரில் பிரவுசர்ட்ரிக்ஸ் கிராலர் (பிரவுசரைத் தானே ஓட்டிப் பக்கங்களைச் சேமிக்கும் கருவி), ஆட்டோஸ்க்ரோலுடன், பிஹேவியர் டைம்அவுட் 600 நொடி என்று ஓட்டினேன்: பக்கம் கீழே போனது, பொத்தான் அழுத்தப்படவில்லை.

கடைசியில் குரோமில் பார்க்கும் பக்கத்தை அப்படியே பதிவுசெய்யும் ஆர்க்கைவ்வெப்.பேஜ் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, பொத்தானைக் கையால் அழுத்தியே பதிவுசெய்தேன். தரவு முழுதும் உள்ளே இருக்கிறது. சேமித்தவற்றின் பட்டியலான சிடிஎக்ஸ்ஜே (CDXJ) இன்டெக்ஸில், பொத்தானை அழுத்தும்போது பதிவுகளைக் கொண்டுவரும் எல்லா ஜேசன் (JSON) கோப்புகளும் 200 (சரியாகக் கிடைத்தது) என்றே காட்டுகின்றன. சேமித்ததை ஓட்டிக் காட்டும் ரீப்ளேவெப்.பேஜில் ஓட்டினால் மட்டும் 404 (கிடைக்கவில்லை). காரணம், ஒவ்வொரு கோரிக்கையின் யூஆர்எல்லிலும் அந்த நொடியின் டைம்ஸ்டாம்ப் ஒட்டிக்கொள்கிறது. ரீப்ளேயில் அது மாறிவிடுவதால் பொருந்துவதில்லை. அடுத்த பதிவுகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் கர்சர் ஐடி மாறவில்லை.

பிடிஎஃப், ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம். எந்தப் பதிவு எப்போது திருத்தப்பட்டது என்ற விவரம் அந்த ஜேசனில்தான் இருக்கிறது. வாக்ஸ் கோப்புக்குள் இருக்கும் மூல வார்க் (WARC) பதிவுகளையும் தொடக்கூடாது, தொட்டால் சான்றாக நிற்காது.

சேமித்த பக்கங்களை ஓட்டும் இன்னொரு கருவியான பைவெப்பின் (pywb) ரூல்ஸ் கோப்பில், அந்த டைம்ஸ்டாம்ப் பாராமீட்டரை மட்டும் விட்டுவிட்டுக் கர்சர் ஐடியை வைத்துப் பொருத்தும்படி ஃபஸி லுக்கப் (யூஆர்எல் முழுதும் ஒத்துப்போகாவிட்டாலும் பொருத்தும்) விதியை எப்படி எழுதுவது?