அக்பரின் அவையில் இயேசு சபைக் குருக்கள்: சகிப்புத்தன்மையா, கடல் அரசியலா?

சரித்திர மாணவி (கேள்வி)

வணக்கம். முதுகலை வரலாறு பயிலும் நான், துறைக் கருத்தரங்கிற்காக அக்பரின் சமயக் கொள்கை பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். 1575-இல் ஃபதேபூர் சிக்ரியில் இபாதத் கானா என்னும் சமய வாத மண்டபத்தைக் கட்டி, முதலில் இஸ்லாமிய அறிஞர்களையும் பின்னர் இந்து, சமண, பார்சி சமயத்தாரையும் வாதத்திற்கு அழைத்த பேரரசர், போர்ச்சுக்கீசியர் ஆண்ட கோவாவுக்குத் தூதனுப்பிக் கற்றறிந்த கிறிஸ்தவக் குருமார் இருவரை வேத நூல்களுடன் அனுப்பும்படி கேட்டார். அதன்படி ருடால்ஃபோ அக்வாவிவா, அந்தோனியோ மொன்செராத்தே, ஹோர்முஸைச் சேர்ந்த பாரசீக மொழி அறிந்த ஃபிரான்சிஸ்கோ ஹென்றிக்கஸ் ஆகிய இயேசு சபைத் துறவியர் மூவர் 1580-இன் தொடக்கத்தில் வந்து சேர்ந்தனர். இதைப் பாடநூல்கள் சகிப்புத்தன்மையின் சான்றாகக் காட்டி ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. என் நெறியாளரோ, கடலை ஆண்ட போர்ச்சுக்கீசியரை வசப்படுத்தும் உபாயம் அது என்கிறார். எதை ஏற்பது?

பழைய ஏடு

உங்கள் நெறியாளர் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. அக்காலத்தில் சூரத்திலிருந்து மக்காவுக்குச் செல்லும் கப்பல்கள் போர்ச்சுக்கீசியரின் அனுமதிச் சீட்டைப் பெற்றாக வேண்டும். அச்சீட்டில் மரியாள், இயேசு உருவங்கள் பொறிக்கப்பட்டிருந்ததால், அதைக் கையில் ஏந்திச் செல்லும் கடல்வழி ஹஜ் கடமையாகாது என்று அரசவை உலமா (இஸ்லாமியச் சமய அறிஞர்) ஒருவர் தீர்ப்புக் கூறும் அளவுக்கு அது உறுத்தலாக இருந்தது. அக்பரின் அத்தை குல்பதன் பேகமே ஹஜ் புறப்பட்டுச் சூரத்தில் நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. ஆனால் வெறும் உபாயம் என்றால், குருக்கள் அவையில் இருந்த அதே நாட்களில் குஜராத் பக்கத்து மொகலாயப் படைத்தலைவர்கள் பரங்கித் துறைமுகங்களுக்கு எதிராகக் கிளம்பியது ஏன்? கடல் அரசியலுக்கு ஒரு தூதுவன் போதும். நள்ளிரவு வரை திரித்துவத்தைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டிய தேவை இல்லை.

மறை ஆய்வாளன்

முன்னவர் கூற்றுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். அக்பர் கேட்ட கேள்விகளைப் பாருங்கள்: இறைவனுக்கு மகன் இருப்பது எவ்வாறு, ஒருவர் மூவராவது எவ்வாறு, ஒரு மனைவியோடு நிற்க வேண்டும் என்பது ஏன். பரிசாக வந்த பைபிளின் தொகுதிகளை முத்தமிட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டார். இளவரசர் முராதுக்குப் பாடம் சொல்ல மொன்செராத்தேயை அமர்த்தினார். 1581-இல் காபூல் படையெடுப்பிலும் அவரை உடன் அழைத்துச் சென்றார். ஆனாலும் மதம் மாறவில்லை. குரானுடன் ஒரு முல்லாவும் பைபிளுடன் ஒரு குருவும் தீக்குள் இறங்கட்டும் என்ற யோசனை எழுந்தபோது, அது கடவுளைச் சோதிப்பதாகும் என்று அக்வாவிவா மறுத்துவிட்டார்.

நம் பாடநூல்கள் தொடாமல் விடுவது, விருந்தினர் இதை எப்படிப் பார்த்தனர் என்பதைத்தான். எல்லாரும் தத்தம் சமயத்தைப் பின்பற்ற விடுவதன் மூலம் அக்பர் உண்மையில் எல்லாச் சமயங்களையும் மீறுகிறார் என்ற பொருளில் மொன்செராத்தே தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவர் கண்ணில் இது பெருந்தன்மை அன்று, நெஞ்சுறுதியின்மை. மறுபுறம் அக்பர் கால வரலாற்றை எழுதிய பதாயூனி போன்ற அவை உலமாக்களுக்கும் ஏறத்தாழ இதே மனக்குறைதான். ஒருவரையொருவர் நரகத்துக்கு அனுப்பிய இரு தரப்பாரும் பேரரசரைக் குறைகூறுவதில் மட்டும் ஒன்றுபட்டனர் என்பதை நான் படிக்கும்போதெல்லாம் புன்னகைக்காமல் இருக்க முடிவதில்லை. எனவே உங்கள் கட்டுரையில், அந்த அவையில் சகிப்புத்தன்மை என்பது புரவலரிடம் மட்டுமே இருந்த ஒன்று, வாதிட்டவர்களிடம் இருந்ததில்லை என்ற கோணத்தை வையுங்கள். அதற்கு அவர் விலையும் கொடுத்தார்: 1580-இல் கிழக்கு மாகாண அதிகாரிகள் கலகம் செய்தபோது, அதற்கு ஆதரவாக ஜௌன்பூர் காஜி (இஸ்லாமிய நீதிபதி) ஃபத்வா என்னும் மார்க்கத் தீர்ப்பு வழங்கினார்.

சரித்திர மாணவி

மிக்க நன்றி. அப்படியானால் அக்வாவிவாவின் முடிவையும் இதே கோணத்தில் பார்க்கலாமா? அவர் கொல்லப்பட்டார் என்று மட்டும் ஒரு குறிப்பில் படித்தேன். அக்பரின் அவையில்தான் என்று எண்ணியிருந்தேன்.

கடலோரத்தான்

அல்ல அம்மா, அதுதான் இந்த வரலாற்றின் கசப்பான பகுதி. மூன்றாண்டுகள் இஸ்லாமிய மன்னரின் அவையில் நபியையே கடுஞ்சொற்களால் தாக்கி வாதிட்டவருக்கு அங்கே ஒரு தீங்கும் நேரவில்லை. 1583-இல் விடைபெற்றபோது பொன்னை மறுத்து, அரண்மனையில் அடிமைப்பட்டிருந்த ஒரு ருஷியக் குடும்பத்தைத் தம்முடன் அனுப்புமாறு மட்டுமே கேட்டார். கோவா திரும்பிய சில மாதங்களில், அதே ஆண்டு ஜூலையில், சால்செத் பகுதியின் குங்கோலிம் கிராமத்தில் வேறு நான்கு இயேசு சபையாருடன் ஊராரால் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த ஊர்க் கோயில்களைப் போர்ச்சுக்கீசியர் இடித்துத் தள்ளியிருந்தனர். அந்தச் சினம் தேவாலயம் கட்ட இடம் பார்க்க வந்தவர்கள்மேல் பாய்ந்தது. பின்னர் போர்ச்சுக்கீசியர் ஊர்த் தலைவர்களைப் பேச்சுக்கு அழைத்துக் கொன்றது தனிக் கதை. அக்பர் அவைக்கு வேதம் சொல்ல ஆளனுப்பிய கோவாவில் 1560 முதலே இன்க்விசிஷன் என்னும் கத்தோலிக்க மத விசாரணை மன்றம் இயங்கி வந்தது என்பதையும் அடிக்குறிப்பாகவேனும் எழுதுங்கள்.

ஆனால் அக்பர் அவையை மிகைப்படுத்தவும் வேண்டாம். அங்கே கிடைத்த பாதுகாப்பு மன்னரின் விருப்பத்தில் தொங்கியது. ஜஹாங்கீர் 1610-இல் தம் தம்பி தானியாலின் மகன்கள் ஞானஸ்நானம் பெற இசைந்தார். 1613-இல் போர்ச்சுக்கீசியர் அரச குடும்பத்துக் கப்பல் ஒன்றைப் பிடித்ததும் தேவாலயங்கள் மூடப்பட்டன. ஆக, உங்கள் நெறியாளர் சொல்லும் கடலும் கதையை விட்டுப் போகவில்லை.

பழைய ஏடு

கடலோரத்தான் சொன்னதற்கு உடன்படுகிறேன். நூல்களைப் பற்றி ஒரு சிறு செய்தி மட்டும், கட்டுரைக்கு உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள். 1580-இல் குருக்கள் பரிசாகக் கொண்டுவந்த, ஆன்ட்வெர்ப் நகரில் அச்சான அந்தப் பைபிள் எபிரேயம், கிரேக்கம், லத்தீன் முதலிய மொழிகளில் அமைந்தது. அவையில் அதைப் படிக்கக்கூடியவர் அநேகமாக இல்லை, ஓவியர்களே அதன் படங்களால் பயனடைந்தனர். 1595-இல் லாகூருக்கு வந்த மூன்றாம் இயேசு சபைக் குழுவிடம் அக்பர் அதைத் திருப்பிக் கொடுத்தார். அக்குழுவின் ஜெரோனிமோ சேவியர் பாரசீகம் கற்று, லாகூர் அறிஞர் அப்துஸ் சத்தாரின் துணையுடன் இயேசுவின் வரலாற்றை அம்மொழியிலேயே எழுதி, 1602-இல் பேரரசரிடம் அளித்தார்.