பேட்மேன் வில்லன் ஜோக்கர் பத்தின காமிக்ஸ் புத்தகம் ‘ஜோக்கர்’ (2008) படிச்சவங்க சொல்லுங்க: எந்தப் பக்கம் உங்கள இன்னும் விடல?

சேரிங்கிராஸ் வண்டிக்காரன்

ஊட்டியில டாக்ஸி ஓட்டுறேன். போன சீசன்ல ஒரு பார்ட்டி பின் சீட்டுல விட்டுட்டுப் போன புத்தகம் இது. போன் பண்ணிச் சொன்னேன். “வச்சுக்கங்கண்ணா, படிங்க”ன்னுட்டாங்க. இங்கிலீஷ் எனக்கு மெதுவாத்தான் வரும், போன்ல அர்த்தம் பாத்துப் பாத்து ஒரு மாசம் ஆச்சு. வில்லன நடுவுல வச்சு ஒரு கதைய இதுக்கு முன்ன நான் படிச்சதே இல்ல. வாய் ரெண்டு பக்கமும் கிழிஞ்ச தழும்போட இருக்கான், சினிமாவப் பாத்துதான் வரைஞ்சிருப்பாங்க போல.

கதை உங்களுக்குத் தெரியும். ஜோக்கர் ஆர்க்கம் மனநல ஆஸ்பத்திரியில இருந்து வெளிய வர்றான். கூட்டிட்டு வர யாரும் போகத் தயாரா இல்ல, கதையச் சொல்ற சின்ன அடியாள் ஜானி ஃப்ராஸ்ட்டு நான் போறேன்னு கைதூக்குறான். நான் நின்னுபோனது அங்கதான். கேட்டுக்கு வெளிய கார நிறுத்திட்டு நிக்கிறான் பாருங்க, அந்த நிப்பு எனக்குத் தெரியும்.

பத்து வருசம் முன்னாடி ஒரு பெரிய மனுசனுக்கு எட்டு மாசம் வண்டி ஓட்டினேன். பேரு வேணாம். அவர் வண்டின்னு தெரிஞ்சா டீக்கடைக்காரர் காசு வாங்க மாட்டாரு. அந்த டீ எனக்கு இனிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். ஒருநா ராத்திரி கல்லட்டி இறக்கத்துல போறோம். 36 கொண்டை ஊசி வளைவு, செகண்ட் கியர விட்டு எடுக்க முடியாது. பின் சீட்டுல ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு பையன். அழுதுட்டே வந்தான். அடிக்கல, ஒண்ணும் செய்யல, சும்மா உக்கார வச்சிருந்தாங்க. நான் கண்ணாடிய மேல திருப்பி வச்சுட்டேன். அவ்ளோதான் நான் செஞ்சது. மசினகுடியில இறக்கிவிட்டோம். அடுத்த மாசம் வேலைய விட்டேன். அந்தப் பையன் யாருன்னு இன்னிக்கும் தெரியாது.

கடைசிப் பாலத்துல ஜோக்கர் ஜானி தாடைக்குக் கீழ துப்பாக்கிய வைக்கிறான் இல்லையா? எனக்கு ஜானி மேல பாவமாத்தான் இருந்துச்சு. ஜனவரியில காலங்காத்தால தலைக்குந்தாவுல வண்டிக் கண்ணாடி மேல உறைபனிய அட்டை வச்சுச் சுரண்டும்போது அவன் ஞாபகம் வருது. அவன் பேருக்கே உறைபனின்னுதான அர்த்தம்.

கோத்தகிரி வாசகி

அண்ணா, உங்க கதை மனசைப் பிசைஞ்சுடுச்சு. ஆனா ஜானிக்காகப் பாவப்பட என்னால முடியல. அவன் பிரிஞ்சு வந்த மனைவிக்கு என்ன ஆச்சு? இவன் செஞ்ச வேலைக்கு அவ விலை கொடுக்கிறா. அதையும் ஜானி தன் வேதனையாத்தான் நமக்குச் சொல்றான். அவ பக்கத்தைச் சொல்ல யாருமே இல்ல.

என் பக்கம் வேற. ஜானி ஒரு அறைக்குள்ள எட்டிப் பாக்கிறான், ஜோக்கர் மண்டிபோட்டு அவன் காதலி ஹார்லியக் கட்டிக்கிட்டு அழறான். அதுவரைக்கும் ஆளைத் தோலுரிச்சு மேடையேத்தினவன். மேட்டுப்பாளையம் பஸ்ல அந்தப் பக்கத்துக்கு வந்தேன், மூடி வச்சுட்டேன். குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டியும் திறக்கல.

எங்க பெரியப்பா குடிச்சுட்டு வந்து அடிப்பாரு. அப்புறம் பெரியம்மா மடியில தலைய வச்சு விக்கி விக்கி அழுவாரு. “பாவம், அவனுக்குள்ள என்ன கஷ்டமோ”ன்னு மொத்த லைன் வீட்டுக்காரங்களும் அவருக்காகத்தான் உச்சு கொட்டுவாங்க. பெரியம்மா தலையக் கோதிக்கிட்டே சுவரைப் பாத்துக்கிட்டிருக்கும். ஒரு வார்த்தை வராது. ஹார்லி இந்தப் புத்தகம் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசல, கவனிச்சீங்களா? முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரைக்கும். ஆபத்தானவளா, அழகா, கையில துப்பாக்கியோட வர்றா, ஆனா பேச்சு இல்ல. எழுதினவர் வேணும்னுதான் அப்படிச் செஞ்சிருக்காருன்னு நம்புறேன். இல்லைன்னா மன்னிக்க மாட்டேன்.

அரவங்காடு பழைய வாசகன்

முதலில் தம்பிக்கு ஒரு திருத்தம். சினிமாவைப் பார்த்து வரைந்தது இல்லை. ‘தி டார்க் நைட்’ படம் வந்தது 2008 ஜூலை, புத்தகம் அக்டோபர். லீ பெர்மெஜோ போல இழைத்து வரைகிறவர் மூன்று மாதத்தில் 120 பக்கத்துக்கு மேல் முடித்திருக்கவே முடியாது. அதிலும் பல பக்கங்களுக்கு மிக் கிரே மை போட்டிருக்கிறார், சில படங்களுக்கு பெர்மெஜோ தானே போட்டிருக்கிறார். ஓவியம் தீட்டியது போலத் திடீரென்று முகம் கனத்து நிற்கும் படங்கள் அவர் கைவேலை. அடுத்த தடவை பார்க்கும்போது தெரியும். எழுதியவர் பிரையன் அஸரெல்லோ. அவர் குற்றக் கதைக்காரர். அதனால்தான் இதில் பேட்மேன் கடைசியில் கொஞ்ச நேரம் தலைகாட்டுவதோடு சரி. பேட்மேனின் மற்ற வில்லன்களில் பெங்குவின் ஒரு பணக்கணக்குக்காரர், ரிட்லர் ஊன்றுகோலோடு காலை இழுத்து நடக்கிறார். முகமூடியைக் கழற்றிவிட்டால் எல்லோரும் நம் ஊர்க் கந்துவட்டிக்காரர்கள்தான்.

இரண்டாவது, வில்லனை நடுவில் வைத்த கதை உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், தமிழ் வாசகனுக்குப் புதிது இல்லை. 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்தது. மாயாவி மூலத்தில் யார்? 1962-இல் இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்த லூயிஸ் கிராண்டெல். ஆய்வுக்கூட உதவியாளன், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடம்பு மறையும். அந்தச் சக்தியை அவன் முதலில் பயன்படுத்தியது குற்றம் செய்யத்தான். லயன் காமிக்ஸ் 1984-இல் வந்ததும் நாம் கொண்டாடிய ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு)? 1965-இல் அவன் பிறந்ததே குற்றவாளிகளின் அரசனாக. பெல்ஹாமையும் ஆர்டினியையும் சேர்த்துக்கொண்டது கொள்ளைக்கு. பிறகுதான் நல்லவன் ஆனான். சிவகாசி அச்சில், மலிவுத் தாளில், நாம் இதையெல்லாம் பள்ளிக்கூட வயதிலேயே படித்துவிட்டோம். எங்கள் தலைமுறைக்கு இருட்டுக் கதை தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் அனுபவம் சின்னது. அப்பாவுக்கு கார்டைட் வெடிமருந்து பாக்டரியில் வேலை. எனக்குப் பதினொன்று, தம்பிக்கு எட்டு. மாயாவி போல மறையப் போகிறேன் என்று பிளக்கில் கம்பியை விட்டான். சத்தம் கேட்டு ஓடினேன். அவன் சுவரோரம் கிடந்தான். நான் முதலில் குனிந்து எடுத்தது அவனை இல்லை, புத்தகத்தை. அப்பா கண்டால் அடுப்பில் போட்டுவிடுவார் என்று சட்டைக்குள் சொருகிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அம்மாவைக் கூப்பிட்டேன். தம்பி பிழைத்தான், விரலில் தழும்பு இருக்கிறது. இதை இதுவரை அவனிடம் சொன்னதில்லை.

கூடலூர் பொடியன்

எல்லாரும் ஜோக்கர், ஜானின்னு எழுதறீங்க. எனக்கு கில்லர் க்ராக், அந்த முதலை மனுசன்.

பிறவியிலேயே எனக்குத் தோல் செதில் செதிலா இருக்கும். டிசம்பர் குளிர்ல காலெல்லாம் வெடிச்சு ரத்தம் வரும். ஸ்கூல்ல பேரே ‘முதலை’. ஆறாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும். மத்த பேட்மேன் கதைகள்ல பாதாளச் சாக்கடையில வாலோட திரியற முதலை மனுசனப் பாக்கும்போதெல்லாம் பக்கத்தத் தள்ளிடுவேன்.

இதுல கில்லர் க்ராக்குக்கு வால் கிடையாது. சட்டை போட்டுக்கிட்டு, மத்தவங்களோட உக்காந்து பேசற ஒரு பெரிய உடம்புக்காரர். தோல்ல ஏதோ வியாதி. அவ்ளோதான். பெர்மெஜோ அந்தத் தோல ஒரு டாக்டர் பாக்கற மாதிரி பாத்து வரைஞ்சிருக்காரு, அந்த வரிகள் எனக்குத் தெரியும், என் முழங்கையில இருக்கு. முதல் தடவையா ‘ஆமா, இது தோல்தான்’னு ஒருத்தர் சொன்ன மாதிரி இருந்துச்சு.

ஆனா அவரும் அடியாள்தான். மனுசனா மாத்தினாங்க, வேலைய மாத்தல. அந்தப் படத்த இன்னும் வச்சுப் பாத்துட்டே இருக்கேன். சந்தோசமா கோபமான்னு எனக்கே தெரியல.

லவ்டேல் பனி

நானும் படித்தேன். ஆர்க்கம் வாசலில் ஜோக்கர் இறங்கி வரும் பக்கம்தான் எனக்கு. மழை நாள், கரண்ட் இல்லை, டார்ச்சில் படித்தேன். அன்று தூங்கவில்லை.

கூடலூர் தம்பி, குளித்து ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், வெந்நீர் அதிகம் வேண்டாம், கம்பளி நேராகத் தோலில் படாமல் உள்ளே பருத்திச் சட்டை போடுங்கள்.

வண்டிக்கார அண்ணா, புத்தகத்தைக் காரிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தயவுசெய்து வேண்டாம். இது வழவழப்பான ஆர்ட் பேப்பர். பழைய காமிக்ஸின் சாணித் தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மஞ்சளாகும், பிழைத்துக்கொள்ளும். இந்தத் தாள் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்து வரும். நம் மலைக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு, நடுவில் பனிமூட்டம், புத்தகம் காய நாளே கிடையாது. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள், அந்தச் சுவர்தான் முதலில் வியர்க்கும். நாலு விரல் இடைவெளி விடுங்கள். கனமான அட்டைப் புத்தகத்தை நிமிர்த்தி வையுங்கள், சாய்த்தால் முதுகு கோணும். நெருக்கி அடுக்காதீர்கள், காற்று போக வேண்டும். புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் அலமாரியில் போடுங்கள். வேப்பிலை காய்ந்ததாக இருக்க வேண்டும், பச்சை இலை இன்னும் ஈரம் சேர்க்கும். பூஞ்சை வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, வெளியே எடுத்துப் போய் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். நேர் வெயிலில் காயவைத்தால் நிறம் போகும். பாட்ரிசியா மல்விஹில் பூசிய அந்தப் பழுப்பும் அழுக்குப் பச்சையும் போய்விட்டால் இந்தப் புத்தகத்தில் பாதி போயிற்று.

என்னிடம் இருந்த பிரதி அப்படித்தான் போனது. கடைசிப் பத்துப் பக்கம் ஒரே கட்டி. பாலத்துக் காட்சியை இரண்டாம் முறை நான் படிக்கவே முடியவில்லை.

கூடலூர் பொடியன்

அக்கறைக்கு நன்றிங்க. ஆனா எண்ணெய் பத்தி நான் கேக்கவே இல்ல. பொறந்ததுல இருந்து பாக்கறவங்கல்லாம் அதத்தான் சொல்றாங்க. க்ராக் பத்தி யாராவது பேசுவீங்கன்னு பாத்தேன்.

கோத்தகிரி வாசகி

தம்பி, நான் பேசறேன். நீங்க சொன்னப்புறம் எடுத்துப் பாத்தேன். நான் அவரைக் கவனிக்கவே இல்ல, வெறும் அடியாள்னு கடந்து போயிருக்கேன். அவரும் ஹார்லியும் ஒரே படத்துல வர்ற இடங்களைப் பாருங்க. ஒருத்தர் தோலை எல்லாரும் வெறிக்கிறாங்க, இன்னொருத்தர் உடம்பை எல்லாரும் வெறிக்கிறாங்க.

அரவங்காடு சார், மாயாவியும் ஸ்பைடரும் கெட்டவங்களா ஆரம்பிச்சாங்க, சரி. ஆனா அவங்க திருந்தினாங்க. திருந்தினதாலதான் நாம கொண்டாடினோம். இந்த ஜோக்கருக்கு மருந்தே கிடையாது, பேட்மேன் மட்டும்தான் இருக்கான்னு ஜானி முடிக்கிறான். ரெண்டும் ஒண்ணு இல்ல. உங்க தம்பிகிட்ட சொல்லிடுங்க சார்.

அரவங்காடு பழைய வாசகன்

திருந்தியது என்பது சரியான வித்தியாசம்தான், ஒத்துக்கொள்கிறேன். தம்பி பொங்கலுக்கு வருகிறான்.

சேரிங்கிராஸ் வண்டிக்காரன்

கோத்தகிரி அக்கா சொன்னதும் நம்பல. ஒரு பொண்ணு புத்தகம் பூரா வந்துட்டு ஒரு வார்த்தை பேசாம இருக்கும், அத நான் பாக்காம விட்டிருப்பேனான்னு நெனச்சேன். இன்னிக்கு மழை, சவாரி இல்ல. வண்டிக்குள்ள லைட்டப் போட்டுட்டு முதல்ல இருந்து ஒவ்வொரு பக்கமா அவ தலைக்கு மேல பலூன் இருக்கான்னு விரல் வச்சுத் தேடினேன். கண்ணாடியெல்லாம் ஆவி படிஞ்சுடுச்சு. பாலம் வரைக்கும் போனேன்.

ஒண்ணுகூட இல்லக்கா.