ஹைப்008 (பிரஷர் கட்டுப்பாட்டு இலக்கு): போன வருஷத்து அதே 77 சதவீதம், இந்த வருஷம் மட்டும் பாயின்ட் குறைவது ஏன்?

கிழக்குலண்டன்_மேனேஜர்
வணக்கம். இங்கிலாந்தில் ஜிபி பிராக்டிஸ் (குடும்ப மருத்துவர் கிளினிக்), என்எச்எஸ்-உடன் ஜிஎம்எஸ் என்ற வழக்கமான ஒப்பந்தம். 2025/26 க்வாஃப் (பராமரிப்பின் தரத்துக்குப் பாயின்ட் தந்து பணம் கொடுக்கும் திட்டம்) கணக்கில் சந்தேகம். 79 வயது வரையிலான பிரஷர் நோயாளிகள் 900 பேர். 693 பேருக்குக் கடைசி ரீடிங் 140/90-க்குள் இருக்கிறது, அதாவது 77%. போன வருஷம் இதே 77-க்கு ஹைப்008-இல் 14 பாயின்ட்டும் முழுசாக வந்தது. இப்போது 38-க்கு 31.2 காட்டுகிறது. இதய நோயாளிகளின் பிரஷருக்கான சிஎச்டி015-உம் 77%தான், 33-க்கு 24.4. மென்பொருள் பழைய விதியில் ஓடுகிறதா, எங்கள் கோடிங்கில் (நோயாளி பதிவில் குறியீடு ஏற்றுவதில்) ஓட்டையா? மார்ச் 31-க்குப் பத்து வாரம்தான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை
மென்பொருளில் பிழை இல்லை. முழுப் பாயின்ட்டுக்கான மேல் வரம்பு ஏறிவிட்டது. ஹைப்008-க்கு முன்பு 40–77 சதவீதம், இப்போது 40–85. சிஎச்டி015-க்கு 40–77 போய் 40–90. நீங்கள் எடுத்ததில் கீழ் வரம்பைக் கழித்து, இரு வரம்புகளின் இடைவெளியால் வகுத்து, பாயின்ட்டால் பெருக்குங்கள்: 77−40 = 37, 37÷45×38 = 31.2. திரையில் வருவது அதேதான்.

பின்னணி இது: இந்த ஒப்பந்தத்தில் 212 பாயின்ட் மதிப்புள்ள 32 இண்டிகேட்டர்களை (அளவுகோல்களை) எடுத்துவிட்டார்கள். 71 பாயின்ட்டுக்கான பணம் க்வாஃபுக்கு வெளியே, குளோபல் சம் (பிராக்டிஸுக்கு வரும் அடிப்படைத் தொகை) முதலியவற்றுக்குப் போனது. மீதி 141-ஐ இதயம், பக்கவாதம், பிரஷர், கொலஸ்ட்ரால், சர்க்கரை சார்ந்த ஒன்பது இண்டிகேட்டர்களில் ஏற்றினார்கள். ஆக மொத்த க்வாஃப் 635-லிருந்து 564. கொலஸ்ட்ரால் அளவுக்கான கோல்004-க்கும் மேல் வரம்பு 35-லிருந்து 50 ஆகியிருக்கிறது, அதையும் இப்போதே பாருங்கள். போன வருஷத்துச் சதவீதத்தைக் காப்பாற்றினால் போதும் என்று இருக்கும் பிராக்டிஸ்தான் இந்த வருஷம் அதிகம் இழக்கும்.

85-க்கு உங்களுக்கு 765 பேர் வேண்டும், இன்னும் 72 பேர். ஆனால் எல்லாரையும் ஒரே வரிசையில் கூப்பிடாதீர்கள். ஹைப்008-இல் ஒரு ஆள் ஏறினால் 0.09 பாயின்ட். சிஎச்டி பட்டியலில் 150 பேர் என்று வைத்துக்கொண்டால் அங்கே ஒரு ஆளுக்கு 0.44. பிரஷர், இதய நோய், சர்க்கரை மூன்றும் உள்ளவருக்கு ஒரே நல்ல ரீடிங் மூன்று இடத்திலும் எண்ணப்படும். மருத்துவ ரீதியாகவும் முதலில் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான். (பட்டியல் அளவும் நோய்ப் பரவலும் சேர்ந்த பிறகுதான் பவுண்டுக் கணக்கு வரும்; வரிசை அதனால் மாறாது.)

மருந்தாளர்_பிசிஎன்
கோடிங் ஓட்டையும் இருக்கக்கூடும். இலக்கை எட்டாத 207 பேரை இரண்டாகப் பிரியுங்கள்: 12 மாதத்தில் ரீடிங்கே இல்லாதவர்கள், கடைசி ரீடிங் அதிகமாக இருப்பவர்கள். இரண்டாவது கூட்டத்தில் வீட்டு ரீடிங் டைரிகளைத் தனியே எடுத்துப் பாருங்கள்.

வீட்டில் எடுப்பது காலையும் மாலையும், ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை, குறைந்தது நான்கு நாள், முடிந்தால் ஏழு. முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரி. ஏழு நாள் டைரி என்றால் 28 ரீடிங், கணக்கில் வருவது 24. அந்தச் சராசரியை "வீட்டு ரீடிங் சராசரி" ஸ்னோமெட் (மருத்துவப் பதிவுக் குறியீடு) கோடில்தான் ஏற்ற வேண்டும். அதற்கு வரம்பு 135/85.

இரண்டு தப்பு நடக்கிறது. டைரியை வரிசையாகத் தட்டச்சு செய்துவிட்டு, ஞாயிறு மாலை எடுத்த 148/86 கடைசியாக நின்றுவிடுகிறது. சராசரி 132/81 ஆக இருந்தாலும் எட்டாதவராகிவிடுகிறார். இல்லையென்றால் சராசரி 138/88-ஐ சாதாரண கிளினிக் கோடில் போட்டுவிடுகிறார்கள். திரையில் பச்சை காட்டும், ஆனால் அந்த நோயாளிக்குப் பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லை. மருந்தைக் கூட்டிப் பார்க்க வேண்டிய ஆள் கண்ணில் படாமல் போகிறார். இதை விடவே கூடாது.

பார்மசியில் எடுத்து அனுப்பிய ரீடிங்குகள் இன்பாக்ஸில் கடிதமாகவே கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். கோட் ஆகாதது எண்ணிக்கையில் வராது.

கிழக்குலண்டன்_மேனேஜர்
மிக்க நன்றி. பிரித்துப் பார்த்தேன்: ரீடிங்கே இல்லாதவர்கள் 118, அதிகமாக இருப்பவர்கள் 89. அந்த 89-இல் 23 பேருக்கு நீங்கள் சொன்ன மாதிரியே டைரியின் கடைசி வரி நிற்கிறது. பழைய பதிவுகளை அழித்துவிட்டுச் சராசரியைப் போடலாமா? பதில் சொல்லாதவர்களை பிசிஏ-வில் (கணக்கிலிருந்து விலக்கும் ஏற்பாட்டில்) எடுக்கலாமா?

ஒப்பந்த_மேசை
ஐசிபி (பிராக்டிஸ்களின் ஒப்பந்தங்களைப் பார்க்கும் வட்டார என்எச்எஸ் அமைப்பு) பக்கம் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். தடம் தெரியாமல் எதையும் அழிக்காதீர்கள். தவறாக ஏறியதைத் "தவறான பதிவு" என்று குறித்து, டைரியை ஆவணமாக ரெக்கார்டில் வைத்து, சராசரியை டைரி முடிந்த தேதியில் ஏற்றுங்கள், தட்டச்சு செய்யும் தேதியில் அல்ல. ஒவ்வொன்றையும் மருத்துவரோ மருந்தாளரோ பார்த்த பிறகு. பின்னால் சரிபார்ப்பு வந்தால் நாங்கள் கேட்பது அந்த டைரியைத்தான்.

பிசிஏ-வுக்கு இரண்டு அழைப்பு, இடையில் குறைந்தது ஏழு நாள், இரண்டுமே கோட் ஆகியிருக்க வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் முதல் அழைப்பை அனுப்பினால் இரண்டாவதற்கு நாள் இருக்காது. மொத்தமாக ஒரே நாளில் இரண்டையும் ஏற்றியிருந்தால் கணினியே தள்ளிவிடும். "தாங்கக்கூடிய அதிகபட்ச மருந்து" கோடும் இந்த 12 மாதத்துக்குள் போட்டதாக இருக்க வேண்டும். போன வருஷத்தது செல்லாது.

118 பேருக்கு அழைப்பு இந்த வாரமே போகட்டும். இரண்டாவது அழைப்பு வேறு வழியில் போனால் நல்லது: முதலில் எஸ்எம்எஸ் என்றால் அடுத்து போன். தமிழ், வங்காளம் மட்டும் பேசும் முதியவர்களுக்கு ஆங்கில எஸ்எம்எஸ் இரண்டு அனுப்பிவிட்டு "பதிலில்லை" என்று எடுத்துவிடுவது விதிப்படி சரியாக இருக்கலாம், ஆனால் அவர்களுக்கு அது அழைப்பே அல்ல.

ஏப்ரலில் சிக்யூஆர்எஸ்-இல் (க்வாஃப் பணக் கணக்குக் கணினி அமைப்பில்) சாதனையை அறிவிக்கும் முன் எண்களை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அறிவிக்காமல் முதலில் எங்களுக்கு எழுதுங்கள். ஒப்புதல் ஆன பிறகு திருத்துவது பெரும்பாடு.

மருந்தாளர்_பிசிஎன்
அந்த 23-இல் சராசரி 135/85-ஐத் தாண்டியவர்களைத் தனித் தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். மருந்து மாற்றினால் மறுபடி ரீடிங் எடுக்க நான்கு வாரமாவது வேண்டும். ஆகவே அவர்களுக்கான அப்பாயின்ட்மென்ட் பிப்ரவரி முதல் பாதிக்குள்.