பரம்பரைப் புஞ்சையிலும் வளவு வீட்டிலும் தங்கம் தேடலாமா? கிடைத்தால் அது யாருக்குச் சொந்தம்?

பெண்டிகோவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கானாடுகாத்தானுக்கு அருகில் ஒரு சிற்றூர். பன்னிரண்டு ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பெண்டிகோ நகரில் குடும்பத்தோடு வசிக்கிறேன். 1851-இல் தங்கம் கண்டெடுக்கப்பட்ட பிறகு வளர்ந்த ஊர் என்பதால், விடுமுறை நாளில் காட்டுப்பக்கம் சென்று பொன் தேடுவது அங்கே பலருக்கும் பொழுதுபோக்கு. எனக்கும் என் மகனுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ‘மைனர்ஸ் ரைட்’ என்ற சீட்டை ஒருமுறை வாங்கினால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அரசு நிலத்தில் கைக்கருவிகள், அரிப்புத் தட்டு, மெட்டல் டிடெக்டர் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் இடமில்லை. தனியார் நிலமென்றால் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். தோண்டிய குழியை மூடிவிட்டு வர வேண்டும். கிடைப்பது தேடியவருக்குச் சொந்தம்.

வருகிற தை மாதம் ஒரு திருமணத்துக்காக ஊருக்கு வருகிறோம். கருவியையும் கொண்டுவந்து மூன்று இடங்களில் தேடிப் பார்க்க எண்ணம். முதலாவது, என் அப்பத்தா பெயரில் பட்டா உள்ள நான்கு ஏக்கர் புஞ்சை. இரண்டாவது, அந்தப் புஞ்சையை ஒட்டி ஓடும் தேனாற்றின் வறண்ட மணல் படுகை. மூன்றாவது, ஏழு பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் வளவு வீடு, அதாவது நடுவே முற்றம் வைத்துக் கட்டிய பழைய செட்டிநாட்டு வீடு. அந்த வீட்டின் சுவரில் ஏதோ புதைத்து வைத்திருப்பதாக எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைகளாகப் பேச்சு உண்டு. சொந்த நிலம், சொந்த வீடு என்பதால் தடையிருக்காது என்று நான் நினைத்திருந்தேன். மனைவிக்கு அது சரியாகப் படவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழையகணக்கு எழுதியது:

ஐயா, உங்கள் துணைவியாரின் தயக்கம் நியாயமானது. வருவாய்த்துறைப் பதிவேடுகளோடு முப்பது ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் புஞ்சையையும் ஆற்றையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். விக்டோரியாவிலும் மண்ணுக்குள் இருக்கும் தங்கம் நில உரிமையாளருக்குச் சொந்தமில்லை; அது அரசுடையது. நீங்கள் எடுத்த தங்கத்தை உங்களுடையதாக ஆக்குவது அந்தச் சீட்டுதான். அதற்கு ஈடான சீட்டு நம் நாட்டில் இல்லை. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, உரிய உரிமமோ குத்தகையோ இல்லாமல் யாரும் கனிமம் தேடவோ எடுக்கவோ கூடாது என்கிறது. பொழுதுபோக்குக்காகத் தேடுபவர் என்று தனி வகை எதுவும் அதில் இல்லை. சாதாரண மணல், சரளை, கட்டடக்கல் போன்றவை சிறுகனிமங்கள். தங்கம் அந்தப் பட்டியலில் வராது. 2015-க்குப் பிறகு தங்கத்துக்கான குத்தகை ஏலத்தின் மூலமே கிடைக்கிறது. 2023 திருத்தத்தில் வந்த ஆய்வு உரிமமும் ஏலத்தில்தான். தனி மனிதர் ஒரு தட்டோடு போய் நிற்க அதில் வாசலே கிடையாது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கருவிகளையும் வாகனத்தையும் பறிமுதல் செய்யலாம்.

“பட்டா என் குடும்பத்தின் பெயரில் இருக்கும்போது அடிமண் எனக்குத்தானே சொந்தம்?” என்று நீங்கள் கேட்கக்கூடும். 2013-இல் மலபார் ஜன்ம நிலங்கள் (பரம்பரை முழு உரிமையாக வந்த நிலங்கள்) தொடர்பான திரேசியம்மா ஜேக்கப் வழக்கில், சட்டப்படி பறிக்கப்படாத வரை அடிமண் உரிமை நில உரிமையாளருக்கே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. அதை நம் பக்கத்துக்கு அப்படியே கொண்டுவந்துவிட முடியாது. செட்டிநாட்டு ஊர்களில் பெரும்பகுதி சிவகங்கை, ராமநாதபுரம் ஜமீன்களுக்கு உட்பட்டிருந்தது. 1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டமான ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் 3(ஆ) பிரிவைப் படித்துப் பாருங்கள்: எஸ்டேட் முழுவதும், புறம்போக்கு, தரிசு, காடு, ஆறு, ஓடை, ஏரி ஆகியவற்றோடு சுரங்கங்களும் கனிமங்களும் வெளிப்படையாகப் பெயர் சொல்லப்பட்டு அரசுக்கு மாற்றப்பட்டுள்ளன. ஆகவே உங்கள் ஊர் ஜமீன் கிராமமா, கொடையாக விடப்பட்ட இனாம் கிராமமா, பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்ததா என்பதை அறியாமல் அடிமண்ணைப் பற்றி யாரும் உறுதி சொல்ல முடியாது. எந்த வகையாக இருந்தாலும், சொத்துரிமை வேறு, எடுப்பதற்கான அனுமதி வேறு. உரிமை உங்களுக்கே இருந்தாலும் உரிமம் இல்லாமல் எடுப்பது குற்றமே.

தேனாற்றுப் படுகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றுப் புறம்போக்கு அரசின் சொத்து. கண்மாயில் வண்டல் மண் அள்ளுவதற்குக்கூட நம் விவசாயிகள் அனுமதி பெற்றுத்தான் வண்டியை இறக்குகிறார்கள்.

மற்றொன்று. நம் மாவட்டத்தில் பெயர் சொல்லும்படி எடுக்கப்படும் கனிமம் சிவகங்கைக் கிராஃபைட். தமிழ்நாட்டில் பொன் ஓடைகள் என்றால் நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பக்கம். 1880 வாக்கில் ஆங்கிலேயக் கம்பெனிகள் படையெடுத்த இடம் அது. நம் செம்மண் புஞ்சையில் கருவி ஒலித்தால் அது பெரும்பாலும் கலப்பைக் கொழுவாகவோ லாடமாகவோ இருக்கும் என்பது என் கருத்து.

தேவகோட்டைவழக்குரைஞர் எழுதியது:

மேலே எழுதிய பெரியவர் இயற்கையாக விளைந்த தங்கத்தைப் பற்றிச் சொன்னார். வளவு வீட்டுக்கு வேறு சட்டம் பொருந்தும். மனிதர் கையால் மறைத்து வைத்த எதற்கும் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் உண்டு. மண்ணில் மட்டுமின்றி, மண்ணோடு பிணைந்த எதில் மறைத்து வைத்த மதிப்புள்ள பொருளும் புதையல் என்கிறது அந்தச் சட்டம். எனவே உங்கள் பட்டாலை எனும் கூடத்தின் சுவரும், வளவின் தளக்கல்லும் இதில் அடங்கும்.

கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால், அது என்ன, ஏறத்தாழ என்ன மதிப்பு, எங்கே, எந்த நாளில் கிடைத்தது என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பொருளை அருகிலுள்ள கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும் அல்லது அதற்குப் பிணை தர வேண்டும். அறிவிக்காதவர் தமக்கு வரவேண்டிய பங்கை இழப்பதோடு, ஓராண்டு வரை சிறைக்கும் ஆளாகலாம். உடந்தையாக இருக்கும் இடத்து உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை. தொகை பழங்காலத்துத் தொகை என்பதால் சட்டமும் செத்துவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு.

விசாரணையில் நூறு ஆண்டுக் கணக்கு முக்கியம். கண்டெடுத்த நாளுக்கு முந்தைய நூறு ஆண்டுகளுக்குள், உரிமை கோருபவரோ அவருக்கு முன்னோரோ மறைத்து வைத்தது என்று நம்ப இடமிருந்தால், ஆட்சியர் விசாரணையை ஒத்திவைத்து, உரிமையியல் நீதிமன்றத்தில் நிலைநாட்டிக்கொள்ள அவகாசம் தருவார். நம் வீடுகளில் பல பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதிக்கும் 1940-களுக்கும் இடையில் கட்டியவை. பர்மாவிலிருந்து திரும்பிய காலத்தில் ஒரு மூதாதையர் வைத்த பொருளென்றால் நூறு ஆண்டு இன்னும் நிறையவில்லை. அவருடைய வாரிசுகள் சொத்தாகவே கோரலாம். கொள்ளுப்பாட்டனார் வீடு கட்டும்போதே வைத்ததென்றால் கணக்கு மாறிவிடும். ஆகவே அந்தக் காலத்துக் கணக்கு ஏடுகளும் கடிதங்களும் வீட்டில் இருந்தால், சுவரைத் தொடுவதற்கு முன் அவற்றைத் தேடிப் பத்திரப்படுத்துங்கள். கருவியைவிட அந்த ஏடுகள் உங்களுக்குப் பயன்படும்.

உரியவர் இல்லை என்று ஆட்சியர் அறிவித்த புதையலை, வேறு உடன்படிக்கை இல்லாத நிலையில், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் இடத்தின் உரிமையாளருக்கு ஒரு பங்குமாகச் சட்டம் பிரிக்கிறது. ‘உடன்படிக்கை இல்லாத நிலையில்’ என்பதைக் கவனியுங்கள். ஏழு பங்காளிகளின் வீட்டில் ஒருவர் மட்டும் கருவியோடு நுழைந்து ‘கண்டெடுத்தவர்’ ஆகிவிட்டால், மற்ற ஆறு பேரும் அமைதியாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அரசு விரும்பினால் பொருளில் அடங்கிய மூலப்பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்து, தானே எடுத்துக்கொள்ளவும் வழியுண்டு.

உங்களுக்கு மேலும் ஒரு கட்டு இருக்கிறது. நூறு ஆண்டு பழமையான நாணயமோ சிலையோ 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. புதுக்கோட்டைப் பக்கத்தில் 1898-இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பலவற்றைப் பார்க்க இன்று லண்டனுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தீராத வருத்தம். அதே வழியில் இன்னொரு காசு பெண்டிகோவுக்குப் போகக் கூடாது.

பட்டறைப்பிள்ளை எழுதியது:

தங்கம் அரிப்பதைப் பையனுக்குக் காட்டுவதுதான் நோக்கம் என்றால், காரைக்குடியிலேயே அதற்கு வழியிருக்கிறது. என் தகப்பனார் நகைப் பட்டறைகளின் குப்பை மண்ணை விலைக்கு வாங்கி அரித்துப் பிழைத்தவர். அராவும்போது தெறிக்கும் தூள் தரையிலும் பாயிலும் தங்கும். அந்த மண்ணைக் கூட்டி, தண்ணீர் விட்டு, சட்டியைச் சுழற்றிச் சுழற்றி லேசான மண்ணைக் கழிய விட்டால் கனமான தூள் அடியில் நிற்கும்.

அந்தத் தொழிலிலும் உரிமை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதில் கண்டிப்பு உண்டு. பட்டறைக்குள் விழுந்த தூள் பட்டறைக்காரருடையது. அதற்கு விலை பேசித்தான் அள்ள வேண்டும். வாசலுக்கு வெளியே உள்ள சாக்கடை மண்ணைக்கூட என் தகப்பனார் கடைக்காரரிடம் சொல்லாமல் தொட்டதில்லை. ஒருமுறை வேறொருவர் இரவில் சொல்லாமல் அள்ளியதற்காக, அந்தத் தெருவில் அரிப்பவர் எல்லாரையுமே பல மாதம் நிற்க விடவில்லை. எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாள்கள் அவை. யாரிடம் கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டுவிட்டால், நம் ஊரில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தை மாதம் வரும்போது இங்கே எழுதுங்கள். தெரிந்த பட்டறையில் சொல்லி ஒரு கூடை மண் வாங்கித் தருகிறேன்.

பெண்டிகோவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆற்றை விட்டுவிட்டேன். பட்டறை மண்ணைப் பற்றிச் சொன்னதும் மகன் இப்போதே நாள் எண்ணத் தொடங்கிவிட்டான். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. புஞ்சையில் தோண்டாமல் கருவியை மட்டும் ஓட்டிப் பார்ப்பதும் குற்றமா? அப்பத்தா காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கிறது. அங்கே யாருடைய ஒப்புதலைப் பெற வேண்டும்?

பழையகணக்கு எழுதியது:

கனிமப் படிவைத் தேடுவதற்காகவும் கண்டறிவதற்காகவும் செய்யும் எந்தச் செயலையும் சட்டம் ‘தேடுதல்’ என்றே வரையறுக்கிறது. மண்வெட்டி இறங்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. புஞ்சையில் தொலைந்த தாலிக்கொடியையோ மோதிரத்தையோ தேடுவது கனிமம் தேடுவதாகாது. தங்கப் படிவைத் தேடுவதாக நீங்களே இங்கு எழுதிவிட்ட பிறகு, அந்த நிலத்தில் கருவியை இயக்காமல் இருப்பதே நல்லது.

பட்டாவைப் பொறுத்தவரை, அப்பத்தா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் நிலம் உங்கள் அப்பச்சிக்கும் (தந்தைக்கும்) அவருடன் பிறந்த ஆண்களுக்கும் மட்டும் உரியதன்று. உங்கள் அத்தைமாருக்கும் சம பங்கு உண்டு. உடன்பிறந்தார் யாரேனும் அப்பத்தாவுக்கு முன்பே இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகள் வருவார்கள். தை மாதத் திருமணத்துக்கு எல்லாரும் ஊரில் கூடுவீர்கள் அல்லவா? அப்போதே வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் வேண்டிய கையெழுத்துகளை வாங்கிவிடுங்கள். வளவு வீட்டுக்கான உடன்படிக்கையையும் தேவகோட்டைக்காரர் சொன்னபடி அந்த நாளிலேயே எழுதிவிடலாம். அத்தைமாரில் யாராவது வெளியூரில் இருந்து வர முடியாது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அதிகாரப் பத்திரம் தயார் செய்யச் சில வாரம் பிடிக்கும்.