'எக்ஸ் கிரேஷியா' என்று எழுதியிருக்கிறது, கையெழுத்துப் போடலாமா? தென்னாப்பிரிக்கா, டர்பன், அவசரம்

தாமிரபரணி:
வணக்கம். நாளை மதியத்துக்குள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறார்கள். 24,000 ராண்ட், 'எக்ஸ் கிரேஷியா', 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்', அதாவது இதோடு கணக்கு முடிந்தது என்று இருக்கிறது. ஊரில் அப்பா போக்குவரத்துக் கழகம். போன தீபாவளிக்கு போனஸ் 8.33 சதவீதம், கருணைத் தொகை 11.67 சதவீதம் வந்தது. அந்தக் கருணைத் தொகைதானே எக்ஸ் கிரேஷியா? நல்ல வார்த்தைதானே? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

மிட்ராண்ட் முருங்கை:
சிடிசி, அதாவது கம்பெனி நமக்காகச் செலவழிக்கும் மொத்தத் தொகை வேறு, கைக்கு வருவது வேறு தம்பி. 2022ல் நான் வந்தபோது 'காஸ்ட் டு கம்பெனி' தொகையை நம்பி வீடு பிடித்தேன். வரி, மெடிக்கல் எய்ட், பிராவிடன்ட் ஃபண்ட், போதாததற்கு யூஐஎஃப் என்கிற வேலையிழப்புக் காப்பீட்டுக்கு 177.12 ராண்ட். வாடகை கொடுத்தபின் ரொட்டியும் பீன்ஸ் டப்பாவும்தான், மூன்று மாதம். இன்றும் கடையில் அந்த டப்பாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

வெற்றிலைப்பெட்டி:
போட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் ப்ரோ. காசு அக்கவுண்டில் 'ரிஃப்ளெக்ட்' ஆகும் வரை, அதாவது வந்து தெரியும் வரை, காசே இல்லை. என் முதல் சம்பளம் 'ஜஸ்ட் நவ்' ரிஃப்ளெக்ட் ஆகும் என்றார்கள். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். இந்த ஊரில் ஜஸ்ட் நவ் என்றால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று அர்த்தமாம். நாலு நாள் கழித்து வந்தது.

நொச்சி:
போடவே போடாதீர்கள். என் ஒப்பந்தத்தில் சம்பளம் 'இன் அரியர்ஸ்' என்று இருந்தது. நமக்கு அரியர்ஸ் என்றால் காலேஜில் கோட்டை விட்ட பேப்பர், இல்லாவிட்டால் டி.ஏ. பாக்கி. சம்பளத்தை இழுத்தடிக்கப் போகிறார்கள் என்று ஒரு வாரம் புலம்பினேன். மாதம் முழுக்க உழைத்தபின் மாதக் கடைசியில் தருவார்கள், அவ்வளவுதான் விஷயம்.

சாட்ஸ்வொர்த் வாசி:
வார்த்தை என்றதும் ஞாபகம் வருகிறது. புதிதாக வந்த தம்பி ஒருவர் டீ நேரத்தில், போனில், 'கூலி ரொம்பக் கம்மி' என்று சத்தமாகப் பேசினார். பக்கத்தில் இருந்த உள்ளூர் இந்தியர் கப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். 1860ல் 'ட்ரூரோ' கப்பலில் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கியவர்களுக்கு மாதம் பத்து ஷில்லிங். அந்தக் கூலி இங்கே வசவாகவே ஆகிவிட்டது. சம்பளம் என்று சொல்லிப் பழகுங்கள்.

வெற்றிலைப்பெட்டி:
எந்தப் பேர் வைத்தாலும் பெட்ரோலுக்கே போய்விடுகிறது.

பேரோல் அக்கா:
கொஞ்சம் நிறுத்துங்கள் எல்லோரும். தம்பி, வேலையை நீங்கள் விட்டீர்களா, அவர்கள் எடுத்தார்களா? எத்தனை மாதம் ஆயிற்று? லீவு பாக்கி எவ்வளவு? அந்த 24,000 வெறும் பேசிக்கா?

தாமிரபரணி:
மன்னிக்கணும் அக்கா. 'ரிட்ரெஞ்ச்மென்ட்', ஆட்குறைப்பு. 14 மாதம். லீவு 11 நாள் இருக்கிறது. பேசிக் 24,000, வீட்டு அலவன்ஸ் 4,000. நோட்டீஸ் எதுவும் தரவில்லை, நாளையே கடைசி நாள் என்கிறார்கள்.

பேரோல் அக்கா:
இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா! எக்ஸ் கிரேஷியா என்றால் கொடுத்தே தீர வேண்டியதில்லை, மனசு வந்து கொடுப்பது. அப்பாவுக்கு அது போனஸுக்கு மேல் வந்தது. உங்களுக்கோ சேர வேண்டியதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் தாண்டியவருக்கு நாலு வார 'நோட்டீஸ் பே'. ஆட்குறைப்பு என்றால் 'செவரன்ஸ்', வேலை போனதற்கான ஈட்டுத்தொகை, முழுதாக முடித்த வருடத்துக்கு ஒரு வாரம். எடுக்காத லீவுக்கும் காசு. இந்த மூன்றையும் 'வேஜ்', அதாவது வேலை நேரத்துக்கான சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது, 'ரெமுனரேஷன்', அதாவது அலவன்ஸும் சேர்ந்த ஊதியம் வைத்துப் போட வேண்டும். இந்த நாட்டின் 1997 வேலை நிபந்தனைச் சட்டத்தில் இரண்டும் வேறு வேறு வார்த்தை. வீட்டு அலவன்ஸ் இரண்டாவதில் வந்துவிடும், ஆக 28,000. மாதத்துக்கு 4.33 வாரம், அதால் வகுத்து ஐந்து வாரம் (நோட்டீஸ் நாலு, செவரன்ஸ் ஒன்று), அதோடு லீவு 11 நாள். வரிக்கு முன் கிட்டத்தட்ட 46,500. அவர்கள் நீட்டுவது அதில் பாதி.

நாளை கையெழுத்து வேண்டாம். எந்தத் தொகை எதற்கு என்று தனித்தனியாக மெயிலில் கேளுங்கள். நீக்கியதே சரியில்லை என்றால் வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சிசிஎம்ஏவுக்குப் போகலாம், கட்டணம் இல்லை, ஆனால் நீக்கிய நாளிலிருந்து 30 நாள்தான். ஆமாம், விசா அந்தக் கம்பெனி பேரிலா?

தாமிரபரணி:
ஆமாம் அக்கா. அதையும் சொல்ல மறந்துவிட்டேன்.